இரண்டாவது வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பாக ஜனாதிபதி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம்,
2025 ஒக்டோபர்

மேதகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

தாங்கள் பதவியேற்று ஓராண்டு நிறைவுற்றிருக்கிறது. நிதி அமைச்சர் என்ற வகையில் தங்கள் அரசாங்கத்தின் இரண்டாவது வரவுசெலவுத் திட்டத்தை எதிர்வரும் நவெம்பர் 7 ஆம் திகதி தாங்களே நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கவிருக்கிறீர்கள். அந்த உரை எழுதி முடிக்கப்படுவதற்கு முன்னர் தங்கள் பார்வைக்கு வரவேண்டும் என்பதற்காக, கூட்டுறவுத் துறையில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற நான் இந்த மடலை எழுதுகிறேன். இதிலுள்ள குறைகூறல்கள் தங்கள் அரசாங்கம் தோற்றுப்போக வேண்டும் என்று விரும்பும் ஒருவனுடையவை அல்ல. இது வெற்றிபெறாவிட்டால் அடுத்து வரப்போவது என்ன என்பதை எண்ணி அஞ்சுகிறவர்களில் நானும் ஒருவன்.

கடந்த ஓராண்டை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களில் ஒன்றைக் கையிலெடுக்கிறார்கள். தங்கள் ஆதரவாளர்கள் 2022 ஐ நினைவூட்டுகிறார்கள்: எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் நீண்ட வரிசைகள், ஒரே நாளில் 13 மணித்தியாலங்கள் வரை சென்ற மின்வெட்டு, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையிலேயே கிடந்த எங்கள் மீனவர்களின் படகுகள், அந்த ஆண்டு செப்டெம்பரில் 70 வீதத்தை ஒட்டிய பணவீக்கம். அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய நாடு வேறு நாடுதான். எதிர்க்கட்சியினரோ தேர்தல் மேடைகளை நினைவூட்டுகிறார்கள்: மின்கட்டணத்தை மூன்றிலொரு பங்கு குறைப்போம் என்றீர்கள், ஜனவரியில் 20 வீதமளவில் குறைந்த கட்டணம் ஜூனில் 15 வீதம் உயர்ந்தது, சர்வதேச நாணய நிதியத்துடன் மீண்டும் பேசுவோம் என்றீர்கள், பழைய உடன்படிக்கையிலேயே நடக்கிறீர்கள். இரண்டு தரப்பினர் சொல்வதும் உண்மையே. ஆயினும் முதலாவது அளவுகோல் எந்த அரசாங்கத்தையும் தேர்ச்சிபெற வைத்துவிடும். இரண்டாவதோ எந்த அரசாங்கத்தையும் தோல்வியடையச் செய்துவிடும். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கடன் தவணை தவறிய நாளிலிருந்து இந்த நாட்டு மக்கள்மீது ஏறிய சுமையை யார் எவ்வளவு சுமக்கிறார்கள், தாங்கள் வந்த பின்னர் அந்தப் பங்கீடு எவ்வளவு மாறியிருக்கிறது?

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அன்றைய அரசாங்கம் அறிவித்தது. சுதந்திர இலங்கையின் வரலாற்றில் அப்படியொன்று அதற்கு முன்னர் நடந்ததில்லை. பின்னர் 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் நான்காண்டு வேலைத்திட்டம் தொடங்கியது. அதே ஆண்டின் நடுப்பகுதி கடந்ததும் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. தாங்கள் பதவியேற்றபோது வெளிநாட்டு ஒதுக்கம் 6 பில்லியன் டொலரை அண்மித்திருந்தது. இலங்கையின் சர்வதேச முறிகளை, அதாவது அரசாங்கம் கடன் பெறுவதற்காக விற்ற பத்திரங்களை, வைத்திருந்த உடைமையாளர்களுடனான கொள்கையளவிலான இணக்கப்பாடு ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே பொருளாதாரம் நிலைபெற்றது என்பதைத் தங்கள் அரசாங்கத்தின் சாதனையாக முன்வைப்பது நியாயமாகாது. அதைக் குலைக்காமல் காத்ததும், 2024 டிசெம்பரில் முறிப் பரிமாற்றத்தை நிறைவுசெய்ததும் தங்களுடையவை. தாங்கள் வந்தால் டொலர் 400 ரூபாவாகும், முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயமுறுத்தியவர்களின் வாயை அது அடைத்தது. அந்தப் பொறுப்புணர்வை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த நிலைபேற்றுக்கு விலை கொடுத்தவர்களைப் பற்றித் தங்கள் முதலாவது வரவுசெலவுத் திட்ட உரை போதுமான அளவு பேசவில்லை. அவர்களுள் முதலாவதாக நான் குறிப்பிட விரும்புவது ஊழியர் சேமலாப நிதியத்தின் உறுப்பினர்களை. தனியார் துறையில் உழைக்கும் ஒருவருக்கு முதுமையில் ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் அவர் கட்டும் 8 வீதமும் தொழில்தருநர் கட்டும் 12 வீதமும் சேர்ந்த அந்த நிதிதான் அவருடைய முதுமை. 2022 இல் நிதியம் உறுப்பினர்களுக்கு வழங்கிய வட்டி 9 வீதம். அதே ஆண்டு டிசெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய டிசெம்பரில் இருந்ததைவிட 57 வீதம் உயர்ந்திருந்தது. கணக்கெழுதிப் பழகியவன் என்பதால் இதை எண்களில் வைக்கிறேன்: 10 இலட்சம் ரூபா வைத்திருந்த தொழிலாளியின் கணக்கு ஆண்டு முடிவில் 10 இலட்சத்து 90 ஆயிரமானது, ஆண்டின் தொடக்கத்தில் அதே 10 இலட்சத்துக்கு அவர் வாங்கியிருக்கக்கூடிய பொருட்களுக்கோ 15 இலட்சத்து 70 ஆயிரம் தேவைப்பட்டது. எந்தச் சட்டமும் இயற்றப்படாமல், எந்த விவாதமும் நடக்காமல் ஒரே ஆண்டில் நேர்ந்த இழப்பு அது.

அது போதாதென்று 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுத்தால் நிதியத்தின் வருமானத்தின் மீது 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி விதிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. இதை விருப்பத்தெரிவு என்று அழைப்பது சரியல்ல. வங்கிகள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன என்ற காரணத்தால் அவற்றின் ரூபாய் முறிகள் தொடப்படவில்லை. கையில் பணம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அந்தக் கடன் மறுசீரமைப்பைத் தங்கள் கட்சியான தேசிய மக்கள் சக்தி அன்று வன்மையாக எதிர்த்தது. தாங்கள் ஆட்சிக்கு வந்த பின்னர் அது மீள ஆராயப்படவில்லை. வருகின்ற ஜனவரியிலிருந்து 9 வீதக் காலம் தொடங்குகிறது. இன்று விலைகள் அதிகம் ஏறவில்லை என்பதால் 9 வீதம் பாதகமில்லை என்று தங்கள் அதிகாரிகள் கூறக்கூடும். இன்றைய வட்டியைப் பற்றி அது சரியாக இருக்கலாம். 2022 இல் கரைந்துபோனது அதனால் திரும்பி வந்துவிடாது.

எங்கள் அயலில் உள்ள ஒரு பெண், இளம் வயதில் கட்டுநாயக்கவிலும் பின்னர் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருந்து உழைத்தவர், 50 வயது நிரம்பியதும் தம் நிதியைப் பெறுவதற்கான கே படிவத்தை நிரப்ப உதவி கேட்டு என்னிடம் வந்தார். அந்தப் பணத்தில் பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிப்பது அவருடைய திட்டம். 2021 இன் தொடக்கத்தில் 1,000 ரூபாவை ஒட்டியிருந்த சீமெந்துப் பையின் விலை இப்போது ஏறக்குறைய இரு மடங்கு. மேசனின் நாட்கூலியும் அப்படித்தான். கூரை, குசினி, மலசலகூடம் என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியலில் இரண்டை வெட்டிவிட்டு, கூரையை மட்டும் வைத்துக்கொண்டு போனார். நாட்டின் கடன் நெருக்கடி தீர்ந்ததென்று பத்திரிகைகள் எழுதுகையில், அதைத் தீர்க்கக் கொடுத்தவர்களுள் தாமும் ஒருவர் என்பதை அவரிடம் எந்த அரசாங்கமும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். 2024 டிசெம்பரில் மாற்றப்பட்ட சர்வதேச முறிகளில் உடைமையாளர்கள் முதலில் 27 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அவற்றுள் பெரும்பகுதியில் ஒரு நிபந்தனை உண்டு: 2025 முதல் 2027 வரை நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால், 2028 இலிருந்து அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகை கூடும். நாடு முன்னேறினால் நியூயோர்க்கிலும் லண்டனிலும் உள்ள கடன்கொடுத்தோருக்கு அதில் பங்கு உண்டு என்று கையெழுத்திட்டிருக்கிறோம். அதே நாட்டுக்குக் கடன் கொடுத்த, அதன் வளர்ச்சியைத் தன் கையால் உண்டாக்குகிற தொழிலாளிக்கு அப்படியொரு பங்கு எழுதப்படவில்லை. சேமலாப நிதியத்துக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் வழங்கப்பட்ட முறிகளில் இதே போன்றதொரு ஏற்பாட்டைச் செய்யுமாறு கேட்கிறேன். பரிமாற்றத்தை முழுமையாகத் தலைகீழாக்க வேண்டியதில்லை; அதற்கு இப்போது இடமில்லை என்பதை நான் அறிவேன். வளர்ச்சி இலக்கைத் தாண்டும் ஆண்டுகளில், 2022 இல் நிதியத்தில் சேமிப்பு வைத்திருந்த சிறிய கணக்குகளுக்கு ஒரு மேலதிகத் தொகை வரவு வைக்கப்படும் என்று நவெம்பர் உரையில் ஓர் உறுதிமொழி வந்தால், தங்கள் ஆட்சி முந்தையவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் நின்று சொல்லலாம்.

வரிகளைப் பற்றிப் பேசாமல் சுமையைப் பற்றிப் பேச முடியாது. 2019 டிசெம்பரில் கண்மூடித்தனமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி 2022 இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 வீதமானது. இந்த வரி ஏழையிடமும் பணக்காரரிடமும் ஒரே வீதத்தில் வாங்கப்படுகிறது. தங்கள் முதலாவது வரவுசெலவுத் திட்டம் வருமான வரி விலக்கின் எல்லையை மாதம் 1,00,000 ரூபாவிலிருந்து 1,50,000 ரூபாவாக உயர்த்தியது. அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கியது. தனியார் துறையின் ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ரூபாவானது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கே இவை எட்டின. தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறவருக்கும், சுண்ணாம்புக் கல் உடைக்கிறவருக்கும், வாடகை முச்சக்கரவண்டி ஓட்டுகிறவருக்கும் அந்த உரையில் இருந்தது மிகச் சொற்பம்.

அவர்களுக்கு அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும இருக்கிறது என்று பதில் வரும். வறிய குடும்பத்துக்கான கொடுப்பனவை 8,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகத் தங்கள் அரசாங்கமே உயர்த்தியது. நால்வர் கொண்ட குடும்பம் நாளுக்கு ஒரு கிலோ நாட்டரிசி சமைத்தால், அரசாங்கம் விதித்த 230 ரூபா கட்டுப்பாட்டு விலையிலேயே மாதம் 6,900 ரூபா ஆகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தேங்காய் என்று வைத்துக்கொண்டு, இவ்வாண்டின் முற்பகுதியில் நாங்கள் கொடுத்த 200 ரூபாவைக் கணக்கிட்டால் இன்னொரு 3,000. பருப்பும் மண்ணெண்ணெயும் பிள்ளையின் கொப்பியும் மிச்சமிருக்கும் 100 ரூபாவுக்குள் அடங்கவேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி கூறுகிறது. நெருக்கடிக்கு முன்னர் இருந்ததைப்போல் இது இரு மடங்கு. 2024 இல் 5 வீத வளர்ச்சி பதிவானபோதும் அந்தப் பங்கு பெரிதாக இறங்கவில்லை. உணவும் மருந்தும் பாடசாலைப் பொருட்களும் பெறுமதி சேர் வரியிலிருந்து முற்றாக நீங்குவதற்கு ஒரு கால அட்டவணை தேவை. அதனால் குறையும் வருமானத்தைச் சொத்துகள்மீதான வரியால் ஈடுசெய்யும் துணிவை, 159 ஆசனங்கள் கொண்ட அரசாங்கத்திடம் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்குவதாகப் பெப்ரவரி உரையில் தாங்கள் கூறினீர்கள். இதை எழுதும்வரை அவர்கள் கையில் கிடைப்பது 1,350 தான். 2024 இல் தேயிலை ஏற்றுமதி 1.4 பில்லியன் டொலரை ஈட்டிக் கொடுத்தது. கம்பனிகள் மறுக்கின்றன என்பது முந்தைய ஜனாதிபதிகள் சொன்ன பதில். தங்களிடமிருந்து அந்தப் பதிலை அம்மக்கள் எதிர்பார்க்கவில்லை.

வடக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் தீர்ப்பு ஏற்கெனவே இருமுறை பதிவாகிவிட்டது. 2024 நவெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தங்கள் கட்சிக்குக் கொடுத்தோம். தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சியை எங்கள் மக்கள் அவ்வளவு நம்பியது எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் இல்லை. ஆறு மாதங்களில், 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில், அந்த வாக்குகளில் பெருமளவு தமிழ்க் கட்சிகளிடம் திரும்பிச் சென்றது. இடையில் நடந்ததைத் தாங்கள் கூர்ந்து பார்க்கவேண்டும். மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடமாகாணத்தில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. பலமுறை இடம்பெயர்ந்து காணி உறுதிப் பத்திரங்களைத் தொலைத்தவர்களும், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க வயதான தாயொருவர் காத்து நிற்கும் வளவுகளும் நிறைந்த மண்ணில் வந்த அறிவித்தல் அது. எதிர்ப்பு எழுந்து, வழக்கும் தொடரப்பட்ட பின்னர் அது மீளப்பெறப்பட்டது. மீளப்பெற்றதற்கு நன்றி. அதை எழுதிய மேசையில் இந்த மாகாணத்தின் வரலாறு தெரிந்த ஒருவரும் இருக்கவில்லையா என்பதே இன்றுவரை எனக்குள்ள வேதனை. விவசாயிக்குக் காணிதான் வங்கிக்கு வைக்கும் பிணை. அதன் உரிமையில் சந்தேகத்தை உண்டாக்கிவிட்டு முதலீட்டுக்கு அழைப்பது பொருந்தாது.

பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்குப் பின்னர் ஏப்ரலில் திறக்கப்பட்டதையும், முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தின் வேலை செப்டெம்பரில் தொடங்கியதையும், ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீண்டும் இயங்குவதையும் நாங்கள் காணாமலில்லை. ஆயினும் அந்த வீதியின் இருமருங்கிலும் வலிகாமம் வடக்கின் செம்மண் இன்னமும் படையினர் வசம் இருக்கிறது. மரவள்ளியும் வெங்காயமும் புகையிலையும் விளைந்த அந்த நிலத்தை உரியவரிடம் கொடுப்பதற்கு நாணய நிதியத்தின் ஒப்புதலோ திறைசேரியின் பணமோ வேண்டியதில்லை. வடக்கின் வீதிகளுக்கும் பாலங்களுக்குமென முதலாவது வரவுசெலவுத் திட்டம் ஒதுக்கிய 500 கோடி ரூபாவில் எவ்வளவு செலவானது, எந்த வீதிக்கு என்பதைப் பிரதேச செயலக வாரியாக அறிவிக்கவேண்டும். நாடு முழுவதிலும் மூலதனச் செலவு பின்தங்கியிருக்கிறது. வட்டிச் செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீத மிகையைக் காட்டவேண்டும் என்ற இலக்கைத் தாண்டிவிட்டோம் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. போடப்படாத வீதிகளும் கட்டப்படாத வகுப்பறைகளும் அந்த மிகைக்குள் ஒளிந்திருந்தால் அது பெருமைக்குரியதல்ல.

ஊழலைப் பொறுத்தவரை தங்கள் அரசாங்கத்தின் முதலாண்டு முந்தைய எந்த அரசாங்கத்தின் முதலாண்டையும்விட மேலானது. முன்னாள் ஜனாதிபதிகளின் சிறப்புரிமைகளை நீக்கும் சட்டம் செப்டெம்பரில் நிறைவேறியது. ஒருகாலத்தில் தொடமுடியாதவர்களாக இருந்தவர்கள் நீதிமன்றப் படியேறுகிறார்கள். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று, கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களையும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களையும் பெயர் குறிப்பிட்டு உயர் நீதிமன்றம் 2023 நவெம்பர் 14 ஆம் திகதி தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தத் தீர்ப்புக்குப் பின்னர் அவர்கள்மீது எடுக்கப்பட்ட அடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டால், சேமிப்பை இழந்த ஒருவருக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை.

2028 இல், மறுசீரமைக்கப்பட்ட வெளிநாட்டுக் கடன்களின் முதலைப் பெருமளவில் திருப்பிச் செலுத்தும் காலம் தொடங்குகிறது. தங்கள் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அது வந்துவிடும். ஆகவே நவெம்பர் உரையோடு ஓர் அட்டவணையையும் சேர்த்துச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: 2028 முதல் 2032 வரை ஒவ்வோர் ஆண்டும் செலுத்தவேண்டிய தொகை எவ்வளவு, அது எந்த வரியிலிருந்து எவ்வளவு வரும், நாட்டின் மேல்மட்டத்து பத்து வீதத்தினரும் கீழ்மட்டத்து நாற்பது வீதத்தினரும் அதில் எவ்வளவு கொடுப்பார்கள். திறைசேரியில் இந்தக் கணக்கு இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவேண்டும். அது சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியாகி, ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்பட ஆவன செய்யுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
கூட்டுறவுத் துறையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்